42 லட்சம் கியாட்டுக்கு நான் வாங்கிய பால் டின் தகரம்

நேற்று சாயங்காலம்தான் எஞ்சினின் ஆயில் சம்ப்பை, அதாவது அடியில் எண்ணெய் நிற்கிற பாத்திரத்தை, இறக்கிப் பார்த்தேன். சோப்பு போட்டுக் கழுவியும் நகத்துக்குள் கறுப்பு போகவில்லை, அந்தக் கையோடுதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ரங்கூனில் பழைய ராணுவ லாரி, ஜீப் என்று வைத்துக்கொண்டு மெனக்கெடுகிறவர்கள் நம்ம ஆட்களில் சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எஞ்சினைக் கட்டக் கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். போனது 42 லட்சம் கியாட்.

வண்டி செவர்லே சி15ஏ. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கனடாவில் செய்து பிரிட்டிஷ் படைகளுக்கு அனுப்பிய லாரி. சி என்றால் செவர்லே, 15 என்பது பாரம், ஏ என்றால் நாலு சக்கரமும் இழுக்கும். மூக்கு அமுங்கிப்போய், முன்கண்ணாடி அடிப்பக்கம் உள்வாங்கிச் சாய்ந்திருக்கும், மேலே பறக்கும் விமானத்துக்குக் கண்ணாடி மின்னித் தெரியக் கூடாது என்று அப்படிச் செய்தார்களாம். 1945இல் படை ரங்கூனுக்குத் திரும்பி வந்தபோது இந்த வண்டிகளும் வந்தன, சண்டை முடிந்ததும் நம்ம ஊர்க்காரர்கள் அதன் மேல் மரத்தில் பாடி கட்டி பஸ்ஸாக்கிவிட்டார்கள். 1970இல் நாடே வலப்பக்கமாக ஓட்ட ஆரம்பித்த பிறகும், ஸ்டியரிங் வலது பக்கமே இருக்க, இவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. 2000க்குப் பிறகுகூட ரோட்டில் பார்த்திருக்கிறேன். என் அப்பா அந்த மாதிரி ஒரு பஸ்ஸில்தான் சப்பேயா, அதாவது கண்டக்டர். படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர்களைக் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டையே போய்விட்டது. எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பெகு பக்கம் ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் கிடந்த வண்டியை ஆறு வருடத்துக்கு முன் வாங்கினேன். உள்ளே ஏதோ ஜப்பான் டீசல் எஞ்சினைச் சொருகியிருந்தார்கள், இங்கே பாதி வண்டிகளின் கதி அதுதான். அதைக் கழற்றிவிட்டு, பழையபடி இந்த லாரிக்கே உரிய செவர்லே 216 எஞ்சினையே போட வேண்டும் என்று அலைந்து ஒன்றைப் பிடித்தேன். பாடி, பிரேக், ஆறு வோல்ட் வயரிங் எல்லாம் என் கையாலேயே செய்தேன். எஞ்சின் மட்டும் என் கையில் இல்லை.

ஏன் என்றால் அந்த 216இல் இன்றைய வண்டிகள் மாதிரி கடையில் வாங்கிப் போடுகிற பேரிங் ஓடு ராடுகளுக்குக் கிடையாது. ராடு என்பது பிஸ்டனைக் கிராங்கோடு, அதாவது எஞ்சினுக்குள் சுற்றுகிற தண்டோடு, சேர்க்கிற கம்பி. அதன் வாயிலேயே ஒயிட் மெட்டலை, ஈயம் மாதிரி மெதுவான உலோகத்தை, உருக்கி ஊற்றி, கடைந்து, கிராங்குக்குப் பொருத்தி எடுக்க வேண்டும். எண்ணெயும் அழுத்தத்தில் ராடுக்குள் ஏறாது. ராடின் வாயை மூடுகிற மூடிக்கு கேப் என்று பெயர், ஒவ்வொரு ராடு கேப்பின் அடியிலும் சின்னக் கரண்டி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், சுற்றுகிற சுற்றில் அது தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளிக்கொள்ளும். மெட்டல் ஊற்றத் தெரிந்த பழைய சயாக்கள், அதாவது மேஸ்திரிகள், பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் நகரத்துக்கு வெளியே, பழைய ஜீப்பும் லாரியும் கட்டித் தருகிற ஒரு பட்டறையைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்குச் சாமியைப் பார்த்த மாதிரி இருந்தது. பெயர் சொல்லப் போவதில்லை, சொன்னால் வேறு வம்பு வரும்.

போன அன்றைக்கே கவிழ்ந்துவிட்டேன். நடத்துகிறவர் நம்ம ஆள். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பர்மிய மொழியில் ஆரம்பித்து, என் நெற்றியில் விபூதியைப் பார்த்ததும் சட்டென்று தமிழுக்கு மாறி, "வாங்கண்ணே, உட்காருங்கண்ணே" என்றார். டீயும் பருப்பு வடையும் வந்தது. அவருடைய தாத்தாவும் சண்டைக்காலத்தில் வண்டி ஓட்டியவராம், என் அப்பாவைப் பற்றிக் கேட்டார், நானும் மடமடவென்று சொன்னேன், இருவரும் ஒருமணி நேரம் பழைய பஸ் கதைதான். சுவரில் முனீஸ்வரன் படம், புதுப் பூ. மூலையில் மெட்டல் உருக்குகிற கரண்டியும் அடுப்பும் இருந்தன. அடுப்பில் சாம்பல் இல்லை, கரண்டியில் பல வருடத் துரு. பார்த்தேன், பார்த்தும் மனசுக்கு ஏறவில்லை, வடை நன்றாக இருந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். அங்கே ஒரு பையன் இதே ரக லாரியின் சக்கரத்தைப் படுக்கப் போட்டு, ரிம்மின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். இந்த வண்டிகளின் ரிம் இரண்டு பாதியாக இருக்கும், நட்டுப் போட்டுச் சேர்த்திருப்பார்கள். டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் மேல்பாதி பறந்து வந்து முகத்தைப் பெயர்த்துவிடும். நான் கத்தினேன். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, "புதுப் பையன்ணே" என்றார். ஒரு ராணுவ லாரி பட்டறையில் அதுகூடவா சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்? அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

பேச்சு இதுதான்: ஆறு ராடுக்கும் புது மெட்டல், கிராங்க் கிரைண்டிங், மெயின் பேரிங் நேர்ப்படுத்துவது, புது ரிங், வால்வு வேலை. மொத்தம் 42 லட்சம். முன்பணம் 30, எஞ்சினை எடுக்கும்போது 12. மகள் சிங்கப்பூரிலிருந்து வீட்டுக் கூரை மாற்ற அனுப்பியிருந்த பணம் அது. வீட்டுக்காரியிடம், "மழைக்கு முன் போட்டுவிடலாம்" என்று சொல்லி எடுத்தேன். இப்போது மழையும் வந்துவிட்டது, கூடத்தில் இரண்டு வாளி வைத்திருக்கிறோம்.

கொடுப்பதற்கு முன் கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்து நோட்டில் குறித்து வைத்திருந்தேன், ஆறு ராடு ஜர்னலும், அதாவது கிராங்கில் ராடு உட்காருகிற ஆறு இடமும், தனித்தனியாக. மூன்றாவது நல்ல நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது.

ஆறு வாரம் என்றார். ஆறு வாரத்தில் போன் பண்ணினேன். "கரன்ட் இல்லண்ணே, லேத் ஓடினாத்தானே." அது உண்மைதான், இங்கே யாருக்குத்தான் கரன்ட் இருக்கிறது, நானும் சரி என்றேன். அப்புறம் மெட்டல் தாய்லாந்திலிருந்து வரணும், எல்லையில் மாட்டிக்கொண்டது. அப்புறம் திஞ்சான், பர்மியப் புத்தாண்டு லீவு. அப்புறம் லேத்காரர் ஊருக்குப் போய்விட்டார். ஐந்தாவது மாதம் ஒருநாள், "ரெடிண்ணே, வந்து எடுத்துக்குங்க" என்று அவரே கூப்பிட்டபோது, இத்தனை நாள் அவரைத் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

ஸ்டாண்டில் வைத்து ஓட்டிக் காட்டினார். பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. சத்தமே இல்லை, தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஆயில் கேஜ் முள் பாதியைத் தாண்டி நிற்பதைப் பெருமையாகக் காட்டினார். இந்த எஞ்சினுக்கு 15 பவுண்டு பக்கம் காட்டினாலே போதும், அதற்கு மேல் ஏறி நின்றால் உள்ளே எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாக இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், எனக்கு இது தெரியும், புத்தகத்தில் படித்ததுதான். சம்ப்பை இறக்கி ஒரு ராடு மட்டும் பார்க்கட்டுமா என்று கேட்டேன், மைக்ரோமீட்டர் பையில் இருந்தது.

"என்னண்ணே, என்னை நம்பலையா?"

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, முகம் சுருங்கிப் போய், வேலைக்காரப் பையன்கள் முன்னால் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "சேச்சே, அதெல்லாம் இல்ல தம்பி" என்று பையை மூடி, மிச்சம் 12 லட்சத்தையும் போனிலேயே அனுப்பிவிட்டு, ரசீது கூடக் கேட்காமல் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்தேன். 42 லட்சம் முழுசாகப் போன இடம் அந்த ஒரு கேள்விதான்.

வண்டியில் பூட்டி பதினோரு நாள். பன்னிரண்டாவது நாள் பீலிக்கான் முனீஸ்வரனுக்கு வண்டியைக் காட்டிப் பூஜை போடலாம் என்று எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் வாங்கி முன்சீட்டில் வைத்துக் கிளம்பினோம். அரைமணி நேரம் போயிருக்காது, எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. முதலில் மெல்ல, அப்புறம் யாரோ உள்ளேயிருந்து சுத்தியலால் கதவைத் தட்டுகிற மாதிரி. ஓரம் கட்டி, ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்றாவதைப் பிடுங்கினதும் சத்தம் அடங்கியது. வண்டியை இன்னொரு லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். தேங்காயை வீட்டுக்காரி சட்னி அரைத்துவிட்டாள்.

நேற்று சம்ப்பை இறக்கினால், எண்ணெயில் வெள்ளி மினுமினுப்பு, குழைத்த மெட்டல். மூன்றாவது ராடு கேப்பைக் கழற்றினேன். உள்ளே பழைய மெட்டல்தான், தேய்ந்து ஓரம் உதிர்ந்தது. கேப்பின் இரண்டு முகத்தையும் அரத்தால் ராவி, இறுக்கமாக வருகிற மாதிரி செய்து, அதற்கு மேல் உள்ளே ஒரு தகரத் துண்டை வளைத்து வைத்திருந்தார்கள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் நீலமும் சிவப்புமாக அச்சு. டீக்கடையில் ஊற்றுகிற கன்டென்ஸ்டு மில்க் டின். எனக்குக் கொடுத்த டீயின் பால் டின்னாகவே இருக்கலாம். எண்ணெய் அள்ளுகிற கரண்டி அந்தக் கேப்பில் இல்லவே இல்லை, உடைந்துபோன அடி மட்டும் இருந்தது. மற்ற ஐந்தும் ராவினவைதான். கிராங்கை அளந்தேன், நோட்டை எடுத்து ஒப்பிட்டேன். கிரைண்ட் பண்ணினால் அளவு குறைய வேண்டும் அல்லவா? முதல், இரண்டாவது, ஐந்தாவது, எல்லாம் நான் எழுதி வைத்த அதே அளவு, மயிரிழைகூட மாறவில்லை. மூன்றாவதில் மட்டும் தகரம் உழுத பள்ளம் புதிதாக.

போன் பண்ணினேன். பையன் எடுத்து, "சயா கோயிலுக்குப் போயிருக்கார்" என்றான். ராத்திரி போட்டோ அனுப்பினேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. இன்று காலை ஒரே ஒரு குரல் செய்தி: நான்தான் தப்பான எண்ணெய் ஊற்றி ஓட்டியிருப்பேனாம், வாரன்டி அவர் சொல்லவே இல்லையாம், வேண்டுமானால் எஞ்சினைக் கொண்டுவந்து போட்டால் "அண்ணனுக்காக" 18 லட்சத்துக்கு மறுபடி கட்டித் தருவாராம். மத்தியானத்துக்கு மேல் என் நம்பரையே அடைத்துவிட்டார். கேஸ் போடு என்கிறார்கள் சிலர். ரசீது இல்லாத 42 லட்சத்துக்கு எங்கே போய் என்ன சொல்வது.

சரி, சொன்ன அறிவுரை. நிறைய எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. கிராங்க், ராடு, பிளாக் எல்லாவற்றிலும் சென்டர் பஞ்சால் உங்கள் அடையாளத்தை அடித்துப் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். மெட்டல் ஊற்றுகிற அன்று நேரில் நில்லுங்கள், நிற்க விடாவிட்டால் பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சம்ப் திறந்து அளந்த பிறகே மிச்சப் பணம். "என்னை நம்பலையா" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிடுங்கள், நம்ம ஆளாக இருந்தாலும். ரிம் நட்டு விஷயம் மேலேயே சொல்லிவிட்டேன், காற்றை முழுக்க இறக்காமல் தொடாதீர்கள்.

யாரிடமாவது நல்ல 216 கிராங்க்கும் ராடு செட்டும் இருந்தால் சொல்லுங்கள். தவணையில்தான் கொடுக்க முடியும், நேரில் வந்து அளந்துதான் எடுப்பேன்.