சித்திரை வெயிலில் 4.7 கிகாஹெர்ட்ஸ்: ஐ5-8600கே உடன் ஏழு ஆண்டுகள்

மேலூரிலிருந்து பெரியம்மா மகன் நேற்று கூப்பிட்டான். பழைய இன்டெல் ஐ5-8600கே ப்ராசஸர் ஒன்று மதர்போர்டோடு மலிவாக வருகிறதாம். "அண்ணே, நீங்கள் வைத்திருப்பதும் இதுதானே? ஓவர்கிளாக் செய்து இன்னும் இரண்டு வருடம் விளையாடலாமா?" என்று கேட்டான். தொலைபேசியில் பாதிதான் சொல்ல முடிந்தது.

நான் வாங்கியது 2018-இல். இதன் உள்ளே கணக்குப் போடும் ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது இது தானாகப் போகும் வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ். அதற்கு மேல் நாமாக ஏற்றி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். என்னிடம் வந்த சிப் 1.25 வோல்ட்டில் 4.7 வரை போனது. கவுன்டர்-ஸ்டிரைக் விளையாட்டில் புகைக்குண்டு வெடித்து, பத்துப் பேரும் ஒரே சந்தில் மோதும்போது படம் திக்கித் திணறும், அது நின்றுவிட்டது. சராசரி ஃபிரேம் எண்ணிக்கை கூடியதைவிட இதுதான் பெரிய சந்தோஷம். ஏழு வருடம் கழித்தும் அது குறையவில்லை.

ஆனால் இந்த ஊர் வெயில்! மதுரை வில்லாபுரத்தில் மேல்மாடியில் என் அறை. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு பதினொரு மணிக்கும் அனலை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். நான் 4.7-ஐச் சோதித்தது ஒரு மார்கழி இரவில். அறை 25 டிகிரி. ப்ராசஸரை முழு மூச்சில் உழைக்கவைத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை மூன்று மணி நேரம் ஓட்டியும் ப்ராசஸர் 76-ஐத் தாண்டவில்லை. வேலை முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தேன். அடுத்த சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய வாரம், ஆட்டத்தின் நடுவே கணினி நின்றுபோய் நீலத் திரை. இரண்டு நாளில் நான்கு முறை.

காரணம் புரியப் பல நாள் ஆயிற்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கூலரானாலும் அறைக் காற்றைக் கொண்டுதான் குளிர்விக்க வேண்டும். அறை 39 டிகிரிக்குப் போனால் அந்த 14 டிகிரியும் அப்படியே ப்ராசஸர் மேல் ஏறும். 76 என்பது 90 ஆகிறது. 100 டிகிரியில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் எரிந்துபோகாது, சரி. ஆனால் குளிரில் நிலையாக நின்ற மின்னழுத்தம் அந்தச் சூட்டில் போதவில்லை. கூட்டிக் கொடுத்தால் சூடு இன்னும் ஏறுகிறது. குளிரூட்டிய அறையில் சோதித்தவர்கள் எழுதும் பாதுகாப்பான எண்களை நம்பி ஒரு கோடையை வீணாக்கினேன். ஓவர்கிளாக்கைச் சோதிக்க வேண்டியது அக்னி நட்சத்திரத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு, கேபினெட் கதவை மூடி வைத்து.

மின்னழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையில், 100 மெகாஹெர்ட்ஸை எத்தனையால் பெருக்குவது என்று சொல்லும் மல்டிபிளையரை மட்டும் 47 ஆக்கிவிட்டு வோல்டேஜை ஆட்டோவில் விடக் கூடாது. என் போர்டு அப்படி விட்டபோது 1.36 வோல்ட் கொடுத்தது. உண்மையில் தேவைப்பட்டது 1.25 தான். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 1.35 வோல்ட் கொடுத்து 4.9-க்குப் போனால் வேகம் 4 சதவீதம் கூடும். சூடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். அந்த 4 சதவீதம் விளையாட்டில் கண்ணுக்கே தெரியாது. நான் போய்ப் பார்த்து ஒரே வாரத்தில் திரும்பிவிட்டேன்.

போன மாதம் வேறொரு தலைவலி. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து போட்டால் வேகம் 4.1-க்குப் போயிருந்தது, தேதியும் பழைய வருடத்தைக் காட்டியது. பழுது பார்க்கும் கடையில், ஓவர்கிளாக் செய்ததால் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வீட்டுக்குக் கொண்டுவந்து, மின்சாரம் இல்லாதபோது தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காத்து வைக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியைப் போர்டில் மாற்றினேன். அவ்வளவுதான் பழுது. பயாஸ் எண்களை நோட்டில் எழுதி வைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் எல்லாம் திரும்பின. கையோடு, ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினேன். காய்ந்து சுண்ணாம்பாக இருந்தது. 7 டிகிரி இறங்கியது. நியாயமாகச் சொன்னால், இத்தனை வருடம் சித்திரையை மட்டும் திட்டியிருக்கக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தம்பி வாங்கப் போய்விடக் கூடாது. அந்தச் சிப்பை முன்பு வைத்திருந்தவர் எத்தனை வோல்ட்டில், எத்தனை வருடம் ஓட்டினார் என்று தெரியாது. ஆறு கோர், ஆறே த்ரெட்; அதாவது ஒரே நேரத்தில் ஆறு வேலைதான் ஓடும். சைபர்பங்க் 2077 விளையாட்டில் கூட்டமான தெருவுக்குள் நுழைந்தால் ஆறும் நூறு சதவீதத்தில் முட்டி நிற்கின்றன, 4.7 அங்கே காப்பாற்றவில்லை. ஓவர்கிளாக் செய்ய விடும் இந்தக் கே வகைக்குப் பெட்டியில் கூலரும் வராது. போர்டும் ஓவர்கிளாக்கை அனுமதிக்கும் இசட் வகையாக இருந்தால்தான் இந்த வேலையே நடக்கும். புதிய ப்ராசஸர்கள் தங்கள் எல்லைக்குப் பக்கத்தில் தாமாகவே ஓடுகின்றன. அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துப் புதிதாக வாங்கு என்றேன்.

"அப்படியென்றால் உங்களுடையதைக் கொடுங்கள், அதன் கதைதான் தெரியுமே" என்றான். கொடுக்க மாட்டேன். இப்போது 44-இல், 1.15 வோல்ட்டில் வைத்திருக்கிறேன். பிற்பகலிலும் 80-ஐத் தொடவில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் மறுபடி 47 போட வேண்டும்.