மக்கள் கைவிட்ட போர் ஏன் ஓய்வதில்லை: மூன்று விளக்கங்கள்

மக்களாட்சி நாட்டில் மக்களே போதும் என்ற பிறகும் போர் ஏன் நீள்கிறது? ஆயுதக் கம்பெனிகளின் லாபம் என்பார்கள் சிலர். தலைவர்களின் வறட்டு கௌரவம் என்பார்கள் வேறு சிலர். போரின் சுமை வாக்காளர் வீட்டுக்கு வருவதில்லை என்பது மூன்றாவது விளக்கம். நான் மூன்றாவது கட்சி.

ஆயுத லாபம் பொய்யல்ல. அமெரிக்க அதிபர் ஐசனோவரே 1961இல் பதவி முடியும்போது எச்சரித்த விஷயம்தான். ஆனால் அந்தக் கம்பெனிகளுக்குப் போர் பயமே போதும். 2021இல் அமெரிக்கா ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறிய பிறகும் அதன் பாதுகாப்புத் துறையான பென்டகனின் பட்ஜெட் இறங்கவில்லையே.

கௌரவத்துக்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. வியட்நாமில் அமெரிக்காவின் நோக்கங்களுக்கு 1965 மார்ச்சில் மதிப்பெண் போட்டார் ஜான் மெக்நாட்டன் என்ற பாதுகாப்புத் துறை அதிகாரி: அவமானத் தோல்வியைத் தவிர்க்க 70 சதவீதம், அங்குள்ள மக்களின் நல்வாழ்வுக்கு 10. சரி, தலைவர் ஏன் இறங்கி வரமாட்டார் என்பது புரிகிறது. வாக்காளர் ஏன் அவரை விட்டுவைக்கிறார்?

இங்கேதான் சுமை முக்கியமாகிறது. 1969 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவில் யாரைக் கட்டாயமாகப் படையில் சேர்ப்பது என்று குலுக்கல் நடந்தது. கண்ணாடி ஜாடியிலிருந்து நீலக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிறந்த தேதிகளை வாசித்தார்கள். டிவியில் நேரடி ஒளிபரப்பு. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த பையன் இருந்த வீட்டில் போர் வெறும் செய்தியாக இருந்திருக்காது. அதற்கு முந்தைய வருடம்தான் வருமான வரி மேல் 10 சதவீதக் கூடுதல் வரியும் வந்திருந்தது.

அப்போதைய அதிபர் நிக்சனுக்கு இது நன்றாகவே தெரியும். வியட்நாமில் 5 லட்சத்தைத் தாண்டியிருந்த படையை 1972 இறுதிக்குள் 25 ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்தார். கட்டாய ஆள்சேர்ப்பையும் குறைத்துக்கொண்டே போய் 1973இல் நிறுத்தினார். குண்டுவீச்சு மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

இராக் இதற்கு நேர்மாறு. 2003 மார்ச்சில் படையெடுப்பு, மே மாதம் வரிக்குறைப்பு! போனவர்கள் தாமாகச் சேர்ந்தவர்கள், செலவு கடனில். 2006 தேர்தலில் அதிபர் புஷ்ஷின் கட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் இழந்தது. அடுத்த ஜனவரியிலேயே அவர் இன்னும் 20 ஆயிரம் பேருக்கு மேல் அனுப்புவதாக அறிவித்தார். படையைத் திரும்பப் பெறக் கெடு வைத்த மசோதாவையும் தடுத்தார். அப்புறம் கெடு இல்லாமலே பணம் ஒதுக்கப்பட்டது. களத்தில் நிற்கும் சிப்பாயைக் கைவிட்டதாகப் பேர் வாங்க எந்த உறுப்பினருக்குத்தான் மனம் வரும்?

என் கட்சியிலும் ஓட்டை உண்டு. வியட்நாம் தவறு என்று அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் சொல்லத் தொடங்கியது 1968இல். கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தும் அதன் பிறகு 20 ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். இஸ்ரேலில் 1997இல் சிப்பாய்களின் அம்மாக்கள் தொடங்கிய 'நான்கு தாய்மார்கள்' இயக்கத்துக்குப் பிறகு, 2000 மே மாதம் படை தெற்கு லெபனானை விட்டு வெளியேறியது. அது எனக்குச் சாதகமான உதாரணம்தான். ஆனால் வீட்டுக்கு வீடு சிப்பாய் இருக்கும் சின்ன நாடு அது. அந்தக் கணக்கை அமெரிக்காவுக்கு அப்படியே போட எனக்குத் தயக்கம்.