அழுங்கைத் தேட எது உதவும்: கேமராவா, மண்பட்டையா, கீதாரியா?

செட்டிநாட்டுப் பக்கம் அழுங்கு, அதாவது உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புதின்னி, அற்றுப்போய்விட்டது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். பெரியவர்களிடம் கேட்டால், "அதெல்லாம் எங்க காலத்தோட போச்சு" என்று முடித்துவிடுவார்கள். இந்தியாவில் அந்த இனம் இன்னும் இருக்கிறது. நம் முந்திரிக் காட்டிலும் தைலமரத் தோப்பிலும் கோயில் காட்டிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தப் பேச்சை எடுத்தாலே காரைக்குடி, தேவகோட்டைப் பையன்கள் முதலில் சொல்வது, "ட்ரெயில் கேமரா வாங்கிக் கட்டிடுவோம்" என்பதுதான். விலங்கு முன்னால் போனால் தானாகப் படம் எடுக்கும் கேமரா அது. ஆர்வம் நல்லது. ஆனால் காசைக் கொட்டுவதற்கு முன்னால் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

கேமராவுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்தோனேசியாவின் பாப்புவாவில் உள்ள சைக்ளோப்ஸ் மலையில், 1961-க்குப் பிறகு பதிவே இல்லாத நீள்மூக்கு எக்கிட்னா என்ற முட்டையிடும் பாலூட்டியை 2023-இல் படம் பிடித்தது இதே வகைக் கேமராதான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தலைமையில் போன குழு 80-க்கு மேல் கேமராக்களைக் கட்டியது. அந்த விலங்கு பயணத்தின் கடைசி நாளில், கடைசி மெமரி கார்டில்தான் சிக்கியது. கேமரா ஆதரவாளர்கள் இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அதே மலையில் 2007-லேயே, எக்கிட்னா மண்ணுக்குள் மூக்கை விட்டு இரை தேடிய துளைகளைப் பார்த்திருந்தார்கள். மண்ணில் கிடந்த தடயம் முன்னால் வந்தது, கேமரா பின்னால் போனது.

வியட்நாமின் வெள்ளி முதுகுச் சருகுமான் விஷயமும் அப்படித்தான். 1990-க்குப் பிறகு அதைப் பற்றிய உறுதியான பதிவு எதுவும் இல்லை. முதலில் ஊர்க்காரர்களிடமும் வனக் காவலர்களிடமும் விசாரித்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு சருகுமான் இருப்பதாக அவர்கள் சொன்ன இடத்தில் வெறும் 3 கேமராக்களை வைத்தார்கள். 5 மாதத்தில் 275 படங்கள் கிடைத்தன. சொன்ன இடத்தில் வைத்தால் 3 போதும், குருட்டாம்போக்கில் வைத்தால் 80-ம் போதாது.

நம் ஊர் வெயிலில் கேமராவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான ட்ரெயில் கேமராக்கள், எதிரே நகரும் பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பார்த்துத்தான் படம் எடுக்கின்றன. சித்திரை, வைகாசியில் செம்புறாங்கல் தரை பகலில் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் விடாது. அழுங்குக்கோ உடல் வெப்பமே மற்ற பாலூட்டிகளைவிடக் குறைவு, அதன் மேல் செதில் வேறு. வேறுபாடு சுருங்கச் சுருங்க கேமரா தூங்கிவிடும். எதிர்ப்பக்கம், சூடான காற்றில் ஒரு புல் ஆடினால் போதும், நூற்றுக்கணக்கில் வெற்றுப் படங்கள் விழும். அதனால் கேமராவை மார்கழியிலிருந்து மாசி வரை வையுங்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே கட்டுங்கள், முன்னால் உள்ள புல்லை அறுத்துவிடுங்கள். கிழக்கு மேற்காகப் பார்க்க வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணில் அடிக்கும், ஆகவே வடக்கே திருப்புங்கள். உறைக்குள் எறும்பு புகாமல் ஓரங்களை அடைப்பதும் முக்கியம்.

படம் கிடைத்துவிட்டால் வாதம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. டாஸ்மானியப் புலி என்ற தைலசினின் கடைசி உயிர் 1936-இல் ஹோபார்ட் விலங்குக் காட்சிசாலையில் போயிற்று. 2021-இல் ஒருவர் தன் கேமராவில் தைலசின் குடும்பமே விழுந்திருப்பதாக அறிவித்தார். நிபுணர்கள் பார்த்தபோது அவை பெரும்பாலும் பேடிமெலன் என்ற சிறிய கங்காரு வகைதான் என்றார்கள். தெளிவில்லாத ஒரு கறுப்பு வெள்ளைப் படம் நம்புகிறவனை இன்னும் நம்பவைக்கும், அவ்வளவுதான்.

இப்போது மண்பட்டை. என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். விலங்கு நடக்கும் பாதையில் மெல்லிய மண்ணைப் பரப்பி, சமப்படுத்தி விட்டு, மறுநாள் காலையில் கால் தடம் பார்ப்பது. நம் பக்கத்தில் இதற்கு ஓர் அருமையான முன்மாதிரி இருக்கிறது. ஜெர்டன் கோர்சர் என்ற பறவை 1900-க்குப் பிறகு அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 1986-இல் ஆந்திராவின் கடப்பா பகுதியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் அதை மறுபடி கண்டுபிடித்தார். உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவர் துணை இல்லாமல் அது நடந்திருக்காது. அதற்குப் பிறகு அந்த முள்காட்டில் பறவை எங்கெங்கே இருக்கிறது என்று அறிய, ப. ஜெகநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மண்பட்டைகளையும் தானியங்கிக் கேமராக்களையும் சேர்த்துப் பயன்படுத்தி 2002-இல் கட்டுரை வெளியிட்டார்கள். தடம் எங்கே விழுகிறது என்பதை மண்பட்டை காட்டும், அது யாருடைய தடம் என்பதைக் கேமரா உறுதிசெய்யும். கடப்பாவின் முள்காடும் நம் வறண்ட புதர்க்காடும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரமில்லை.

செலவு? ஒரு மண்வெட்டி, ஒரு சல்லடை, ஒரு விளக்குமாறு. ஓரளவு நல்ல கேமரா ஒன்று வாங்கும் காசில் ஒரு கண்மாய்க்கரை முழுக்க மண்பட்டை போட்டுவிடலாம். குறை என்னவென்றால், ஆட்டுக் குளம்பு எல்லாவற்றையும் அழித்துவிடும். ஆகவே சாயங்காலம் ஆடு திரும்பிய பிறகு மண்ணைத் தடவி, காலையில் ஆடு கிளம்பும் முன்னால் பார்த்துவிட வேண்டும். மழை பெய்தால் அன்றைய வேலை போயிற்று. அழுங்கின் நடை தெரிந்தவர்களுக்கு மண்பட்டை நிறையச் சொல்லும். முன்கால் நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு அது நடக்கும், சில இடத்தில் வால் இழுபட்ட கோடும் விழும். தெரியாதவர்களுக்கு எல்லாமே கீரித் தடம்தான்.

அந்தத் தெரிந்தவர் யார்? ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போய்க் கிடை போடும் கீதாரிகள்தான். திருமயம் பக்கம் ஒரு பெரியவரிடம் புற்று தோண்டப்பட்டிருப்பதைக் காட்டி நாயாக இருக்குமோ என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, "இல்ல தம்பி. நாய் நோண்டுனா அகலமா பள்ளம் பறிச்சிருக்கும். இது புத்துக்குள்ள கொடஞ்சு போயிருக்கு. செவுத்துல விரல வச்சுப் பாருங்க" என்றார். ஈரம் காயாத உள்சுவரில் நகம் இறங்கிய பள்ளங்கள் மேலிருந்து கீழாக, விரல் பதியும் ஆழத்தில் இருந்தன. உடும்பு, முள்ளம்பன்றி என்று மற்றதையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் கேமராவை எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு அந்த ஒரு புற்று பதில் சொல்லிவிட்டது. பேச்சில் வருவது சில சமயம் பத்து வருடம் பழைய செய்தியாக இருக்கும். அதனால் கேட்கும்போதே எப்போது, எந்த மாதம், எந்தத் தோப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். கையில் படத்தைக் கொடுத்து "இதுவா?" என்று கேட்காதீர்கள். அவர் வாயாலேயே வர்ணிக்கட்டும், படத்தைப் பிறகு காட்டலாம்.

ஒலிப்பதிவுக் கருவி பறவைக்கு அருமை. ஆஸ்திரேலியாவின் இரவுக் கிளியை பெரிய மணற்பாலைவனத்தில் பல இடங்களில் கண்டறிந்தது அப்படித்தான். அழுங்கு வாயைத் திறக்காத ஜீவன், அதற்கு இது உதவாது. தண்ணீரிலும் மண்ணிலும் கிடக்கும் மரபணுவைச் சோதிக்கும் முறை தென்னாப்பிரிக்காவில் 1936-க்குப் பிறகு காணாமல்போன தங்க அகழெலி ஒன்றை 2023-இல் வெளிக்கொண்டுவந்தது. ஆய்வகத் துணை இல்லாமல் நாம் அதில் இறங்க முடியாது, ஒரு கல்லூரி விலங்கியல் துறை கைகொடுத்தால் பேசலாம்.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. கண்மாய்க்கரையும் புதர் ஓரமும் விடியற்காலையில் பெண்கள் ஒதுங்கும் இடங்கள். அங்கே கேமராவைக் கட்டினால் அது அழுங்கை மட்டும் பார்க்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஊருக்கு அருகில் மண்பட்டைதான் சரி, கேமரா கூடாது. தோப்புக்குள் வைப்பதானால் ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நேரில் காட்டிவிட்டு வையுங்கள். பட்டா நிலமென்றால் உடையவர் அனுமதி, வனத்துறைத் தோட்டமென்றால் வனத்துறை அனுமதி.

ஆக, ஒரு குழுவிடம் நான்கு கேமராவுக்கான பணம் இருக்கிறது என்றால் இரண்டு வாங்கினால் போதும். மிச்சப் பணத்தைக் கீதாரிகளின் நேரத்துக்கும் வழிச்செலவுக்கும் மரியாதையாகக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விசாரணை, மழை ஓய்ந்ததும் மண்பட்டை, தடமோ புதிதாய்த் தோண்டிய புற்றோ தெரிந்த இடத்தில் மட்டும் கேமரா. ஒரு மாதம் வைத்து ஒன்றும் விழவில்லை என்பதற்காக "இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. எத்தனை இரவு, எத்தனை இடம் என்பதோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

படம் கிடைத்தால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். செதிலுக்காகவும் இறைச்சிக்காகவும் அழுங்கு கடத்தப்படுகிறது. பன்னாட்டு வணிகத்தை 2016-இல் சைட்ஸ் என்ற காட்டுயிர் வணிக ஒப்பந்தத்தின் மாநாடு தடைசெய்த பிறகும் அது நிற்கவில்லை. ஊர்ப் பெயர், தோப்பின் பெயர், படக் கோப்பில் பதிந்திருக்கும் இடக் குறிப்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மாவட்ட வன அலுவலரிடம் நேரில் கொடுங்கள். தடம் காட்டிய கீதாரியின் பெயரை, அவர் சம்மதித்தால் மட்டும், அந்த அறிக்கையில் முதலில் எழுதுங்கள்.