ஸ்ட்ரோக்குக்குப் பிறகு நியூரோஃபீட்பேக்: எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை

எனக்கு வலது பக்க மூளையில் ஸ்ட்ரோக். இடது காலும் கையும் விழுந்துவிட்டன. கால் சீக்கிரமே தேறியது. கையும் கவனமும்தான் பாடாய்ப் படுத்தின. வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் மண்டையில் ஏறாது. பேப்பரில் ஒரு செய்தியை முடிப்பதற்குள் களைத்துப் படுத்துவிடுவேன். வந்து பார்ப்பவர்களோ, "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். பிசியோ தொடங்கிச் சில மாதங்கள் கழித்து நியூரோஃபீட்பேக்கிலும் சேர்ந்தேன். நம் மூளை அலையைத் திரையில் பார்த்து, அதை மாற்றப் பழகும் பயிற்சி அது.

தலையில் பேஸ்ட் தடவி எலக்ட்ரோடு ஒட்டுவார்கள், காதில் கிளிப் மாட்டுவார்கள். ஷாக் எதுவும் கிடையாது. மூளையின் மின் அலைகளை வெளியிலிருந்து படிப்பதோடு சரி. எனக்கு ஒட்டியது பெரும்பாலும் சி4 என்ற இடத்தில், அதாவது உச்சிக்கும் வலது காதுக்கும் நடுவில். 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது நொடிக்கு அத்தனை முறை துடிக்கும் அலை கூடினால் திரையில் படம் தெளிவாக ஓடும், குறைந்தால் மங்கும். 1960களில் அமெரிக்காவில் பாரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் இதே அலையைக் கூட்டப் பூனைகளைப் பழக்கினார். ராக்கெட் எரிபொருளின் நச்சு ஏறியபோது, பழகிய பூனைகளுக்கு வலிப்பு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. மனிதர்களிடம் முயன்றது அதற்குப் பிறகுதான்.

இதில் வலிந்து முயன்றால் காரியம் கெட்டுவிடும். பல்லைக் கடித்தாலோ நெற்றியைச் சுருக்கினாலோ தசையின் மின்சாரம் கலந்து படம் நின்றுவிடும். தூக்கத்தைத் துரத்தினால் வராது அல்லவா, அந்த மாதிரி. ஆரம்பத்தில் ஒரே எரிச்சல். அப்புறம் தானாக ஓடத் தொடங்கியது. என்ன செய்தேன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது.

தலையில் எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு சரியாகப் பிடிக்காது. அதனால் தலைக்குக் குளித்துவிட்டுப் போக வேண்டும், வந்ததும் பேஸ்ட்டைக் கழுவ மறுபடியும் குளிக்க வேண்டும். ஒற்றைக் கையால் தலை அலசுவது தனி வித்தை.

வாசிப்பு நன்றாகவே மீண்டது. இப்போது நடுப்பக்கக் கட்டுரையை ஒரே மூச்சில் படிக்கிறேன், பகல் தூக்கமும் குறைந்திருக்கிறது. இதில் எவ்வளவு சிகிச்சையால், எவ்வளவு மூளை தானாகத் தேறியதால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தலைக்காயம் பட்டவர்களிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனாலும் இந்தத் துறையில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை.

கைக்கு இதனால் பலன் எதுவும் தெரியவில்லை. டம்ளரை எடுத்து வைப்பது, துண்டைப் பிழிவது, நல்ல கையின் அசைவைக் கண்ணாடியில் பார்த்துச் செய்யும் பயிற்சி என்று பிசியோவில் சலிக்கச் சலிக்கச் செய்ததுதான் விரல்களை அசைத்தது. நான் போன மையத்தின் நோட்டீஸில் கையும் மீளும் என்று போட்டிருந்தார்கள். மூளை அலையைப் படித்து, கையில் மாட்டிய கருவியால் விரல்களைத் திறந்து மூடும் இப்சிஹேண்ட் போன்றவை உண்டுதான். இப்சிஹேண்டுக்கு 2021இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதியும் கிடைத்தது. அது வேறு, திரையைப் பார்த்து உட்காரும் இந்தப் பயிற்சி வேறு. இரண்டையும் குழப்பி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மொத்தப் பேக்கேஜுக்கும் முன்பணம் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். தொடங்கும் முன் ஒரு கவனச் சோதனை வைக்கச் சொல்லுங்கள், பாதியில் அதையே மறுபடியும் வையுங்கள். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். வலிப்பு வந்தவர்கள் முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பிசியோவை நிறுத்தி அந்தப் பணத்தை இதில் போட்டுவிடாதீர்கள்.