ஐரிஷ் பூனைப் பெயர்: கூப்பிட்டுப் பார்த்தால் எது நிற்கும்?

டப்ளின் வீட்டுக்கு ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி வந்து சேர்ந்தது. கடுவன், வால் நுனி மட்டும் சாம்பல். பிறந்தது அயர்லாந்தில், அதனால் ஐரிஷ் பெயரே வைப்போம் என்று முடிவானது. எந்தப் பெயர் என்பதில்தான் சண்டை.

வெள்ளை என்றதும் முதலில் வந்தது பாங்குர் பான். 9ஆம் நூற்றாண்டில் ஓர் ஐரிஷ் துறவி, தான் சொல்லின் பொருளைத் துரத்துவதையும் தன் பூனை எலியைத் துரத்துவதையும் சேர்த்து எட்டுச் செய்யுள் பாடினார். அந்தப் பூனைதான் பாங்குர். 'பான்' என்றால் வெள்ளை. அந்தச் சுவடி இப்போது ஆஸ்திரியாவில் ஒரு மடத்தில் இருக்கிறது. பூர்வீகத்தில் இதை அடிக்க ஆள் இல்லை.

க்ரான்யாவும் லேசுப்பட்டவள் அல்ல. அயர்லாந்தின் மேற்கே மேயோ கடற்கரையைக் கலக்கிய கப்பல் தலைவி. 1593இல் இங்கிலாந்துக்கே போய் முதலாம் எலிசபெத்தை நேரில் சந்தித்தவள். ஆனால் எங்களுடையது கடுவன் ஆயிற்றே. ஃபீயாவும் அதே காரணத்தால் அடிபட்டது. தவிர, 2021இல் அயர்லாந்தில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் அதுதான். தெருவில் கூப்பிட்டால் யார் வீட்டுக் குழந்தையாவது ஓடி வரும்.

பூனைப் பெயரை நாம் எழுதுவதைவிடக் கூப்பிடுவதுதான் அதிகம். அங்கேதான் ஐரிஷ் காலை வாரும். முருகன் நம் வாயில் முருகா ஆவதுபோல் அவர்களுக்கும் விளி வேற்றுமை உண்டு. நமக்குப் பெயரின் வால் மாறும், அவர்களுக்குத் தலையே மாறும். பாங்குரைக் கூப்பிட்டால் 'ப' போய் 'ஃப' வரும். ஃபீயாவில் முதல் ஒலியே காணாமல் போய் 'ஈயா' என்று நிற்கும். கருப்புப் பூனைக்குப் பொருந்தும் கீரானுக்கோ முதல் ஒலியும் மாறிவிடும், வாலும் மாறும். இலக்கணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 'பாங்குர்' என்றே கூப்பிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

கூப்பிட்டாலும் தலை மாறாமல் மிஞ்சியவை இரண்டு: நீவ், உஷீன். பழங்கதையில் இருவரும் ஜோடி. வெள்ளைக் குதிரையில் ஏறி மூப்பில்லாத நாட்டுக்குப் போனவர்கள். நீவ் ஒரே அசை, சட்டென்று முடிந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் அதன் கடைசியில் எம்மும் எச்சும் நிற்கும், வாயில் வருவது 'வ்'. தமிழில் அந்தத் தொல்லையே இல்லை, கேட்டபடி எழுதிவிடலாம். ஆனால் அதுவும் பெண் பெயர். உஷீனுக்கு 'மான்குட்டி' என்று பொருள். நடுவில் வரும் 'ஷீ'யை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். பின்வாசலில் நின்று இரண்டையும் கத்திப் பார்த்தேன். நீவ்வுக்குக் காது மட்டும் அசைந்தது. உஷீனுக்கு வேலியிலிருந்து குதித்தது. கையில் மீன் டப்பா இருந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, உஷீன்தான். ஊரிலிருந்து வீடியோவில் பேசும் அம்மா மட்டும் 'டேய் உஷீனு' என்கிறார். அதற்கும் திரும்பிப் பார்க்கிறது.