நாய், பூனை, காக்டெயில்: சென்னையிலிருந்து லண்டனுக்கு எதை எப்படிக் கொண்டுபோவது?

"டிக்கெட் போட்டாச்சு, நாயை எந்த ஃப்ளைட்டில் ஏத்தலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். டிக்கெட்தான் கடைசி. முதலில் போகிற நாடு, அப்புறம் எந்தப் பிராணி, அதற்கப்புறம்தான் விமானம். இந்த வரிசை தெரியாமல் நாங்களும் இரண்டு மாதத்தை வீணாக்கினோம். எங்கள் வீட்டுக் கணக்கு: ஒரு சிப்பிப்பாறை (வீரா), ஒரு நாட்டுப் பூனை (மிளகு), ஒரு ஜோடி காக்டெயில் (கொண்டை வைத்த சிறு கிளி). போன இடம் லண்டன்.

நாய்க்கும் பூனைக்கும் பிரிட்டன் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். 15 இலக்க மைக்ரோசிப், அதற்குப் பிறகு ரேபிஸ் ஊசி, ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. அதில் ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 அலகு அல்லது அதற்கு மேல் வர வேண்டும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக எப்படி ஓடினாலும் நாலு மாதம். இதில் சிப் முன்னால், ஊசி பின்னால் என்ற வரிசைதான் எங்களைக் கவிழ்த்தது. வீராவுக்கு ஊசி தவறாமல் போட்டிருந்தோம், சிப்பை அப்புறம் வைத்தோம். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று யாருக்குத் தெரியும் என்பது அவர்கள் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வருஷக்கணக்காகப் பார்த்த டாக்டர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுபடி ஊசி, மறுபடி 30 நாள்.

நாய்க்கு மட்டும் கூடுதலாக ஒன்று: பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்திலிருந்து 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து. பூனைக்கு அது வேண்டாம்.

இனி வழி. பிரிட்டனுக்கு விமானத்தில் போகும் செல்லப் பிராணி கார்கோவாகத்தான் போக முடியும். காலடியில் வைத்துக்கொண்டு பறப்பதும், லக்கேஜாகப் போடுவதும் கிடையாது, வழிகாட்டி நாய்கள் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. அதனால் இரண்டு பாதைதான். நேராக ஹீத்ரோவுக்குக் கார்கோ, இல்லையென்றால் ஐரோப்பாவில் எங்காவது இறங்கி அங்கிருந்து கப்பலிலோ காரிலோ கடப்பது.

வீராவை நேர்வழியில் அனுப்பினோம். ஒரே விமானம், பத்து பதினோரு மணி நேரம், நடுவில் மாற்றம் இல்லை. ஹீத்ரோவில் விலங்குகளுக்கென்றே தனி வரவேற்பு மையம் இருக்கிறது, அங்கே சிப்பைப் படித்து, காகிதத்தைச் சரிபார்த்து, நாய்க்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தருவார்கள். எங்களுக்கு நாலரை மணி நேரம் ஆனது. குடியேறுகிறவர்கள் இதற்கு முன்னாலேயே குடிபெயர்வு வரிச் சலுகைக்கு விண்ணப்பித்து எண் வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் சொந்த நாய்க்கே 20 சதவீத வரி கேட்பார்கள். நீங்களும் நாயும் ஐந்து நாள் இடைவெளிக்குள் பயணம் செய்ய வேண்டும் என்பதும் உண்டு.

நேர்வழியின் வலி பணம். கார்கோவில் நாயின் எடைக்குக் காசு இல்லை, கூண்டின் கொள்ளளவுக்கு. சிப்பிப்பாறை ஒல்லிதான், ஆனால் கால் நீளம். நின்றால் தலை இடிக்கக் கூடாது, திரும்ப முடிய வேண்டும், இயல்பாகப் படுக்க முடிய வேண்டும் என்பது சர்வதேச விதி. டெய்லர் டேப்பை வைத்து மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை அளந்து, அதோடு முன்கால் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டி நீளத்தை எடுத்தோம். எங்களுக்கு வந்த கூண்டு 102 x 69 x 76 செ.மீ. பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 89 கிலோ. நாயும் கூண்டும் சேர்ந்து தராசில் 34 கிலோதான் காட்டியது, காசு 89 கிலோவுக்குக் கட்டினோம். கூண்டைப் பெரிதாக வாங்கினால் வசதியாக இருக்குமே என்று கை தாராளம் காட்டுபவர்கள் இந்த வகுத்தலை முதலில் போட்டுப் பாருங்கள்.

மிளகு வேறு வழியில் வந்தாள். கூடையோடு சேர்த்து 8 கிலோவுக்குள் இருந்தால் சில ஐரோப்பிய விமானங்களில் கையோடு எடுத்துக்கொண்டு உட்காரலாம். மனைவி பெங்களூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வந்து, ரோட்டர்டாம் போய், மெட்ரோவிலேயே ஹூக் ஆஃப் ஹாலண்ட் துறைமுகத்துக்குப் போய், இரவுக் கப்பலில் இங்கிலாந்தின் ஹார்விச் வந்து சேர்ந்தாள். கப்பலில் பிராணிகளோடு தங்கும் அறை உண்டு, முன்கூட்டியே பிடிக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து லண்டன் வரும் யூரோஸ்டார் ரயிலை நம்பாதீர்கள், அதில் செல்லப் பிராணிகளுக்கு இடமில்லை. செலவு கார்கோவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, பூனையும் ஆள் கூடவே இருந்ததால் அமைதியாக வந்தது. ஆனால் இரண்டு தொந்தரவு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு சான்றிதழ், பிரிட்டனுக்கு இன்னொன்று, இரண்டும் தேதி பிசகாமல் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், நம் இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். இந்த வழியை இணையத்தில் ஆஹா ஓஹோ என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அமெரிக்கர்கள், அவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

என் கணக்கில் பூனைக்கும் சிறு நாய்க்கும் ஐரோப்பிய வழி, பெரிய நாய்க்கு நேர்வழி. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய் என்றால் பல விமானங்கள் எடுப்பதே இல்லை, முதலில் அதைக் கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

ஏஜென்ட் வேண்டுமா? இரண்டு பேரிடம் விலை கேட்டோம், ஒருவர் சொன்னதில் பாதியை இன்னொருவர் சொன்னார், எதற்கு எவ்வளவு என்று இருவருமே பிரித்துச் சொல்லவில்லை. பூனையின் வேலையை நாங்களே பார்த்தோம். பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் விலங்கு குவாரண்டைன் நிலையத்துக்குக் காகிதங்களோடு போய்ச் சான்றிதழ் வாங்குவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. கார்கோ புக்கிங் மட்டும் தனியாளுக்குச் சிரமம், வீராவுக்கு அதை மட்டும் ஏஜென்டிடம் விட்டோம். மயக்க மருந்து கொடுத்து அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டவே வேண்டாம். உயரத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறும். ஒரு மாதம் முன்பே கூண்டை வீட்டில் வைத்து உள்ளே சோறு போட்டால் அது தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சரி, பறவைக்கு வருவோம். நாயை எந்த நாட்டுக்கும் பொறுமை இருந்தால் கொண்டுபோகலாம், ஆஸ்திரேலியாவுக்குக்கூட, இந்தியாவிலிருந்து நேராக இல்லாமல் அவர்கள் ஏற்கும் மூன்றாவது நாட்டில் மாதக்கணக்கில் தங்கவைத்து, பிறகு மெல்போர்ன் பக்கம் மிக்கிள்ஹாமில் குவாரண்டைனில் வைத்து. பறவை அப்படி இல்லை. ஆஸ்திரேலியா செல்லப் பறவைகளை நியூசிலாந்திலிருந்து மட்டும்தான் விடும், வேறெங்கிருந்தும் இல்லை. அமெரிக்கா 30 நாள் அரசு குவாரண்டைன் கேட்கும். ஊரில் பறவைக் காய்ச்சல் வந்தால் போட்ட திட்டமெல்லாம் ஒரே அறிவிப்பில் நின்றுபோகலாம்.

இனத்தின் பெயரும் முக்கியம். நம் வீடுகளில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் பட்ஜி என்ற குட்டிக் கிளிதான். பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தமான சைட்டிஸின் அனுமதி தேவையில்லை. நிஜமான லவ் பேர்டில் பீச் ஃபேஸ் (பீச் நிற முகம்) என்ற இனம் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்குத் தேவை. படிவத்தில் பழக்கதோஷத்தில் லவ் பேர்ட் என்று எழுதினால் நீங்களே வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வைத்திருப்பவர்கள் விமானத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். முயலுக்கு இந்தியாவிலிருந்து பிரிட்டன் என்றால் நான்கு மாதக் குவாரண்டைன். அத்தனை நாளைக்கு ஒரு முயலைப் பெட்டிக்குள் வைப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் காக்டெயில்களுக்கு ஒன்பது வயது. இரைச்சலில் இரவில் மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும் சுபாவம் வேறு. கார்கோ, அப்புறம் குவாரண்டைன் தனிமை, இரண்டையும் அவை தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. லண்டன் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே மதுரையில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், அதே கூண்டு, அதே தினை, அதே துணி மூடியோடு விட்டோம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் விசிலடித்தால் ஆண் திரும்ப விசிலடிக்கிறது. மிளகுதான் போனுக்குப் பின்னால் போய்ப் பறவையைத் தேடிவிட்டு வருகிறாள்.