ஒரு நாப்பா, இரண்டு நாப்பா: மிக் மெஷின் வாங்கும் முன்

ராடு வெல்டிங்கை விட்டு, சுருளிலிருந்து ஒயரைத் தானாகத் தள்ளி வெல்டு போடும் மிக் மெஷினுக்கு மாறுகிறவர்களிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "சினர்ஜிக் வேணுமா, சாதா போதுமா?" கேட், கிரில், சதுர பைப் வேலைதான் எங்கள் பட்டறையில் அதிகம். நான் எடுத்தது சாதா. வோல்டேஜுக்கு ஒரு நாப் (திருப்பும் குமிழ்), ஒயர் வேகத்துக்கு ஒரு நாப். இன்றைக்குப் போய் வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன்.

சினர்ஜிக்கின் வசதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒயரின் கனம், கேஸ், உலோகம் மூன்றையும் பேனலில் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒரே நாப்பைத் திருப்பினால் போதும். ஒயர் வேகத்தோடு வோல்டேஜும் தானாக ஏறி இறங்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன்கூட ஓரளவு நல்ல வெல்டு போட்டுவிடுவான். ஆனால் கேஸைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் கணக்கே மாறிவிடும். ஆர்கான் கலவையைவிட வெறும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஏறக்குறைய 2 வோல்ட் கூடுதலாக வேண்டும்.

சாதா மெஷினில் இரண்டையும் நாமேதான் பொருத்த வேண்டும். கஷ்டம் என்று பயமுறுத்துவார்கள். விஷயம் பிடிபட்டால் அவ்வளவு இல்லை. ஒயர் வேகம்தான் ஆம்பியர். வேகம் கூடினால் ஆம்பியரும் கூடும், வெல்டு ஆழமாக இறங்கும். வோல்டேஜ் என்பது ஆர்க்கின், அதாவது ஒயர் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறியின் நீளம். கூட்டினால் வெல்டு தட்டையாகப் பரவும், குறைத்தால் மேடாகக் குவியும். எத்தனை வோல்ட் வைப்பது என்பதற்கு ஆம்பியரை 0.05-ஆல் பெருக்கி 14-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 120 ஆம்பியர் என்றால் 20 வோல்ட். இது ஆரம்பப் புள்ளிதான், அங்கிருந்து காதைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். எண்ணெயில் வடை பொரிகிற மாதிரி விடாமல் சீராகச் சத்தம் வந்தால் சரி. ஒயர் இரும்பில் குத்தி, கையில் பிடித்திருக்கும் டார்ச்சைப் பின்னுக்குத் தள்ளினால் வோல்டேஜ் போதவில்லை, அல்லது வேகம் அதிகம். ஒயர் நுனி உருண்டையாகி, அது வெளியே வரும் டிப் வரை எரிந்தால் அதற்கு நேர்மாறு.

என்னை சாதா பக்கம் இழுத்தது இதுவல்ல, பராமரிப்பு. பட்டறை என்றால் கிரைண்டிங் தூசி இருக்கும், மெஷினின் ஃபேன் அதை உள்ளே இழுக்கத்தான் செய்யும். சாதா மெஷினில் நாப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரு பொட்டென்ஷியோமீட்டர், திருப்பத் திருப்ப மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் சின்ன பாகம். தூசி ஏறினால் ஒயர் வேகம் திக்கித் திக்கி ஓடும். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் தெரிந்த யாரும் அதைக் கழற்றி வேறு போட்டுவிடுவார்கள், அந்த உதிரி மலிவானது. சினர்ஜிக்கில் டிஸ்ப்ளே, நாப்பைத் திருப்புவதை டிஜிட்டல் சிக்னலாக மாற்றும் என்கோடர், அந்த வோல்டேஜ் கணக்கை வைத்திருக்கும் புரோகிராம் எல்லாம் பெரும்பாலும் ஒரே பேனல் போர்டில் இருக்கும். அது போனால் அதே மாடலுக்கான போர்டுதான் வர வேண்டும். பக்கத்துப் பட்டறையில் அப்படி ஒரு மெஷின் போர்டுக்காகக் காத்துக் கிடந்தது. அதுவரை அவர்கள் பழைய ராடு மெஷினில்தான் கேட் ஒட்டினார்கள். பவர் போர்டு எரிந்தால் மட்டும் இரண்டுக்கும் ஒரே கதி, அதில் சாதாவுக்குச் சலுகை இல்லை.

இரண்டு நாப் இருப்பதாலேயே பொட்டென்ஷியோமீட்டர் என்று நம்பிவிட வேண்டாம். கடையிலேயே நாப்பைத் திருப்பிப் பாருங்கள். இரு முனையிலும் முட்டி நின்றால் பொட்டென்ஷியோமீட்டர். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே என்கோடர்.

இணைப்புகள் இரண்டிலும் ஒன்றேதான். கேஸோடு ஓடும் சாதாரண ஒயருக்கு டார்ச் பிளஸ், எர்த் மைனஸ். கேஸ் வேண்டாத ஃபிளக்ஸ் ஒயருக்கு அப்படியே தலைகீழ், டார்ச் மைனஸ். ஒயரை மாற்றிவிட்டு இதை மாற்றாமல் விட்டால் தெறிப்பு தாங்க முடியாது. பிறகு எந்த நாப்பைத் திருப்பியும் பயனில்லை. கேஸ் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வைத்தால் மூடிய இடத்துக்குப் போதும். ஒயரைத் தள்ளும் ரோலரின் பள்ளம், காண்டாக்ட் டிப் இரண்டும் ஒயரின் அளவோடு பொருந்த வேண்டும். ரோலரை ரொம்ப இறுக்காதீர்கள். ஒயர் நசுங்கும், டிப் அடைத்துக்கொண்டால் ரோலர் பக்கத்திலேயே சிக்கிச் சுருண்டுவிடும்.

அலுமினியத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. அந்த வேலைதான் அதிகம் என்றால் கரண்டை விட்டுவிட்டு ஏற்றி இறக்கும் பல்ஸ் வசதியுள்ள சினர்ஜிக்கைப் பார்ப்பதுதான் நியாயமாகப் படுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை வெறும் இரண்டு நாப்பால் அமைக்க முடியாது. இரும்பு மட்டும்தான் என்றால் அந்தக் கூடுதல் பணத்தை யூரோ கனெக்டர் உள்ள மெஷினில் போடுங்கள். கேஸ், கரண்ட், ஒயர், ஸ்விட்ச் நான்கும் அந்த ஒரே கனெக்டர் வழியாகப் போகிறது. டார்ச் கெட்டால் கையாலேயே திருகிக் கழற்றி, அந்த ஆம்பியருக்கு ஏற்ற எந்தக் கம்பெனி டார்ச்சையும் மாட்டிக்கொள்ளலாம்.